பூனையை எடுத்தாச்சா?

நானே எழுதிய விளையாட்டில், அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், மேடையில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்தேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள். அவள் சொன்னால், முழித்த முழியை நடித்தும் காட்டுவாள்.

எங்கள் நிறுவனம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, நான்காவது மாடியில் இருக்கிறது. வீடியோ கேம் செய்கிறோம். அதுவும் சாதாரண கேம் இல்லை, பழைய காலத்துப் பாணியில் புதிர் சாகச விளையாட்டு. கட்டம் கட்டமான படம், கீச்சுக் கீச்சென்று இசை. அறை அறையாகப் போய்ச் சாமான் பொறுக்கி, பூட்டிய கதவு ஒன்றைத் திறந்து, அடுத்த பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். மெத்தைக் கடைக்காரர் லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மேலயும் கீழயும் ஒரே தொழில்தான் சார், ஜனங்களைத் தூங்க வைக்கிறது" என்பார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு எங்கள் விளையாட்டை ஒருநாள் முழுதாக விளையாடிப் பார்த்தேன், கோபம் போய்விட்டது.

ஆனால் ஆரம்பத்தில் அது அப்படி இல்லை. சத்தியமாக இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நான் தனியாகச் செய்த சின்ன விளையாட்டு அது. ஒரு காலி பங்களா, அதற்கு ஒரு காவல்காரர். பங்களாவின் கடைசி அறையில் பீரோ உச்சியில் ஒரு பூனை ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. பால் வைத்தாலும் வராது, பந்து உருட்டினாலும் வராது, ஏணி போட்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். சூட்சுமம் என்னவென்றால், பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். பூனை தானாக இறங்கி வந்து, தலையால் முட்டிக் கதவைத் திறந்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வெளியே போகும். அவ்வளவுதான் விளையாட்டு.

முதலில் விளையாடியவள் என் மனைவி. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் பூராவும் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று ஊராரைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை பழகியவள். அவளையே அந்தப் பூனை படுத்தி எடுத்துவிட்டது. கடைசியில், "வந்தா வா, வராட்டி அங்கயே கிட" என்று பூனையைத் திட்டிவிட்டு, அடுப்பில் பொங்கிய பாலை இறக்க ஓடினாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், பூனை கதவை முட்டிக்கொண்டிருக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் செய்த ஒரு பொருள் ஒரு மனுஷியை அப்படிச் சிரிக்க வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இது வெளியாகிற அன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். "முன் வரிசையில உக்காந்து இன்னொரு தடவை இதே மாதிரி சிரிக்கணும்."

"இது என்ன பிரமாதம், கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அதற்கடுத்த வருஷங்களில் எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதை வாங்குவதற்காக நான் செய்த காரியங்களைப் பார்த்தால், சிரிப்பை விரட்டப் பாடுபட்டவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

விளையாட்டை முதலாளியிடம் காட்டினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததால் அதைப் பழமைத் தூய்மைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் நிறுவனத்தில் ஒரு விளையாட்டு உண்மையிலேயே பழைய காலத்து மாதிரி இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் தருவது அந்தக் குழு. குழுத் தலைவரின் மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய ஜாய்ஸ்டிக் இருக்கும். கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் எழுந்து அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும்.

"இதுல பாதியில சேமிச்சு வைக்கிற வசதி இருக்கு" என்று தலைவர் ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல நாங்க விளையாடும்போது கரண்ட் போச்சுன்னா, முதல்லேருந்து ஆரம்பிப்போம். அழுதுக்கிட்டே ஆரம்பிப்போம். அந்த அழுகையை இன்னைக்கு இருக்கிற தலைமுறைக்கு நாம குடுக்க வேண்டாமா?"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். சேமிக்கும் வசதி போயிற்று. உடனே இன்னொரு உறுப்பினருக்குச் சந்தேகம் வந்தது. "இப்பல்லாம் கரண்ட் அவ்வளவா போறதில்லையே சார்? அப்புறம் எப்படி அழுவாங்க?" குழு கவலையில் ஆழ்ந்தது. கடைசியில் விளையாட்டுக்குள்ளேயே ஒரு மின்வெட்டு வைப்பது என்று முடிவாயிற்று. திடீரென்று திரை கறுத்துவிடும், எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து நிறங்கள். பழைய இயந்திரங்களில் நான்கே நிறம்தான் என்பதால் நான்குக்கு மேல் கூடாது என்றார்கள். எந்த நான்கு என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவில் யாருக்கும் யாருடைய நிறமும் பிடிக்கவில்லை. மழை முடிந்து வெயில் வந்த சமயத்தில் ஒருவழியாகச் சமரசம் ஏற்பட்டது. நான்கும் பழுப்பு.

பிறகு பூனையின் முறை வந்தது.

"பூனைக்கு வால் ஆடுது" என்றார் தலைவர், குற்றம் கண்டுபிடித்த குரலில். "அந்தக் காலத்து இயந்திரத்துல வால் ஆடாது."

"அப்ப வாலை ஆட்டாம வச்சுக்கலாம் சார்" என்றேன்.

"ஆடலைன்னா அது வால்னு எப்படித் தெரியும்? வால்னு தெரியலைன்னா அது பூனைன்னு எப்படித் தெரியும்? பூனைன்னு தெரியலைன்னா எதுக்குப் பூனை?"

பக்கத்தில் இருந்த உறுப்பினர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது மட்டும் இல்ல சார். சும்மா இருந்தா ஜெயிச்சிடலாம்னு வருது. உழைக்காம ஜெயிக்கலாம்னு நாம சொல்லலாமா? நம்ம நிறுவனத்தோட பேரு என்ன ஆகும்?" இவர் அந்தக் குழுவில் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, இதுதான் அவர் பேசிய முதல் பேச்சு. பேசி முடித்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பூனையை எடுத்துடுங்க" என்று தலைவர் புரோகிராமரிடம் சொன்னார். எங்கள் புரோகிராமரை எல்லோரும் மௌனி என்றுதான் கூப்பிடுவோம். அவர் தலையாட்டினார். மௌனி எதற்கும் தலையாட்டுவார். டீ வேண்டுமா என்றாலும் ஒரே ஆட்டம்தான், சம்பளத்தைக் குறைக்கலாமா என்றாலும் ஒரே ஆட்டம்தான்.

எனக்கு உள்ளே கொதித்தது. எழுந்து சண்டை போட்டிருக்க வேண்டும். எனக்குச் சண்டை போட வராது, குத்தலாகப் பேசத்தான் வரும். "பூனை இல்லாம கடைசிக் கதவு எப்படி சார் திறக்கும்? ஒத்தைச் செருப்பைக் குடைக்குள்ள வச்சு, குடையைத் தபால் பெட்டியில திணிச்சு, மணி அடிச்சா திறக்கும்னு வச்சிடலாமா?" என்று கேட்டேன்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். தலைவர் மெல்ல எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இதுதான் புதிர்" என்றார். "ஒரு காரணமும் இல்ல. ஒரு அர்த்தமும் இல்ல. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை வருஷமாச்சு இப்படி ஒண்ணு கேட்டு! தம்பி, நீங்க மேதை."

எல்லோரும் கைதட்டினார்கள். மேதை என்று என்னை அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. எங்கள் அப்பா வேறு விதமான வார்த்தைகளைத்தான் உபயோகிப்பார். கிண்டலாகத்தான் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்காக வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "இதே மாதிரி இன்னும் பத்து இருக்கு சார்" என்பது.

என் குடைப் புதிரையும் குழு சும்மா விடவில்லை. ஒருவர் குடை நனைந்திருக்க வேண்டும் என்றார். இன்னொருவர் மணியை முதலில் அடிக்க வேண்டும் என்றார். தலைவர் செருப்பு எந்தக் காலுடையது என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் விடை மாறியது. விடை வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதால் அதை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று தீர்மானம் வேறு. கடைசியாக என்ன முடிவானது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லோரும் எனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பினார்கள். நான் மேதை அல்லவா.

இதை யாராவது விளையாடிப் பார்த்துச் சொல்லியிருப்பார்களே என்று கேட்பீர்கள். சோதனைப் பிரிவு இருக்கத்தான் செய்தது. அந்தப் பிரிவில் யாராவது விளையாட்டை முடித்துவிட்டால், விளையாட்டு சுலபமாக இருக்கிறது என்று அர்த்தம். உடனே அதை இன்னும் கடினமாக்கி, முடித்தவரிடமே மறுபடி முதலிலிருந்து விளையாடக் கொடுப்பார்கள். பாவம், அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். இரண்டாவது அறையைத் தாண்டாமல் நிம்மதியாக இருக்கக் கற்றுக்கொண்டார்கள். "இதுவரை எவராலும் முடிக்க முடியவில்லை" என்று சோதனைப் பிரிவு அறிக்கை கொடுத்தது. முதலாளி எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கேக்கை எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனேன். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து போனில் பழம் உடைக்கிற விளையாட்டு ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தார். கண்ணைப் பறிக்கும் நிறங்கள். மூன்று பழம் சேர்ந்தால் பட்டாசு வெடித்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆராய்ச்சி" என்றார். "என்னென்ன நாம செய்யக் கூடாதுன்னு பாக்கிறேன்."

வெளியீட்டுக்கு முந்தின வாரம், என் மனைவி புது விளையாட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். தயங்கித் தயங்கிப் போட்டுக் காட்டினேன். அவள் திரைக்குப் பக்கத்தில் போனாள், தள்ளி வந்தாள், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"காவல்காரர் எங்க?"

"அந்தப் பழுப்புக்கு முன்னால இருக்கிற பழுப்பு."

"இதை எங்க கடைக்குக் குடுங்க. நிறம் தெரியாதவங்களைக் கண்டுபிடிக்க உதவும்." அப்புறம் கடைசி அறை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். "பூனை?"

"குழு எடுத்துடுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்... ஒரு குடைப் புதிர் சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பலகையில் இருக்கும் மிகப் பெரிய எழுத்தையே படிக்கத் தெரியாமல் நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி, வரேன்னு சொன்னேன், வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் குழு என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. கைதட்டினார்கள், நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டார். மேடையில் நானே கடைசி அறையை விளையாடிக் கதவைத் திறந்து காட்டப்போகிறேன் என்று அழைப்பிதழிலேயே போட்டாயிற்றாம். தலைவரிடம் ஓடினேன். விடை அவருக்கும் ஞாபகம் இல்லை, இடது காலா வலது காலா என்பதில்கூட இப்போது அவருக்கே சந்தேகம். மௌனியிடம் கேட்டேன், தலையாட்டினார். வேறு வழியில்லாமல் எங்கள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"வணக்கம் சார். எங்க மாட்டிக்கிட்டீங்க?"

"கடைசி அறையில. நான்தாங்க இந்த கேமை எழுதினவன்."

"அப்படித்தான் சார் சொல்லுவாங்கன்னு பயிற்சியிலயே சொல்லிக்குடுத்திருக்காங்க."

"ஐயோ, நிஜமாத்தாங்க. நான் நாலாவது மாடியில இருக்கேன். நீங்க மூணாவது மாடிதானே? வேணும்னா வந்து நிக்கட்டுமா?"

"வாங்க சார், டீ தரோம். விடை தர மாட்டோம். நாங்க ஆறுதல் மட்டும்தான் சொல்லலாம். சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றேன். எனக்கு அப்போது அதுதான் தேவையாக இருந்தது.

"உங்களால முடியும் சார்" என்றார். நன்றாகத்தான் சொன்னார்.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. பெரிய திரை, அதில் பழுப்பு அறை. என் மனைவி சொன்னபடியே முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டைகூடக் கழற்றவில்லை. நான் மேடையில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தேன்.

செருப்பைக் குடைக்குள் வைத்தேன். குடையை நனைத்தேன். மணி அடித்தேன். கதவு திறக்கவில்லை. மணியை முதலில் அடித்துவிட்டுக் குடையை நனைத்தேன். திறக்கவில்லை. இன்னொரு செருப்பை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் செயற்கை மின்வெட்டு வந்து திரை கறுத்தது. அரங்கத்தின் எலக்ட்ரீஷியன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஃபியூஸ் பார்க்க ஓடினார். தனக்கு மட்டும் தெரிந்த ஒரு குறுக்குவழியில் விளையாட்டைத் திரும்பக் கடைசி அறைக்குக் கொண்டுவந்து வைத்தார் மௌனி. மறுபடி செருப்பு, மறுபடி குடை. கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள், அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. நான் முன் வரிசையைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் கையை எடுத்துவிட்டேன். "எனக்குத் தெரியலைங்க" என்று மைக்கில் சொன்னேன்.

முதலாளி துள்ளிக்கொண்டு மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார். முகம் பூரித்திருந்தது.

"பாத்தீங்களா! எழுதினவரே திண்டாடுறாரு! இதைவிட என்னங்க சான்று வேணும்? மத்த கம்பெனிக்காரங்க ஜனங்களை சந்தோஷப்படுத்துறாங்க. சந்தோஷப்படுத்துறது யாரால வேணா முடியும். காசையும் குடுத்து, நேரத்தையும் குடுத்து, கடைசியில தலையில அடிச்சுக்கிட்டுப் போறாங்களே, அந்த அனுபவத்தை யாருங்க குடுக்கிறா? நாம குடுக்கிறோம்! எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூட இதை முடிச்சதில்ல. நான் முடிச்சேனா? இல்ல. நான் ஆரம்பிக்கவே இல்ல! அவ்வளவு மரியாதை வச்சிருக்கேன் அதுமேல..."

முதலாளிக்கு மைக் கிடைத்தால் லேசில் விட மாட்டார். தன் சின்ன வயசுக்குப் போனார். முதல் அலுவலகத்துக்கு வாடகைக்கு இடம் தேடிய கதைக்கு வந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பட்டனை யாரும் தொடவில்லை.

"ஏங்க!" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல். என் மனைவி எழுந்து நின்று திரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். "பீரோ மேல பாருங்க! காது!"

எல்லோரும் பார்த்தோம். பழுப்புதான் தெரிந்தது. அது கண் பரிசோதிக்கிறவளுடைய கண், பழுப்புக்கும் பழுப்புக்கும் நடுவே இரண்டு காது நிமிர்வதைப் பார்த்துவிட்டது. பிறகு ஒரு வால் ஆடியது. எந்தக் குழு எந்த நிறத்தைப் பூசியிருந்தாலும் ஆடுகிற வால் தெரியத்தான் செய்யும். பூனை பீரோவிலிருந்து குதித்தது. நனைந்த குடையை ஒரு தடவை மோந்து பார்த்தது. நேராகப் போய்க் கதவைத் தலையால் முட்டியது. கதவு திறந்தது.

என் மனைவி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று வீட்டில் சிரித்த அதே சிரிப்பு. அவளைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். அப்புறம் அரங்கமே சிரித்தது, கொட்டாவி போன வழியிலேயே பின் வரிசை வரை போனது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். முதலாளி அது தன் பேச்சுக்கு என்று நினைத்துக் குனிந்து வணங்கினார், வாடகை இடம் தேடிய கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் நின்ற மௌனியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையாட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே பழமைத் தூய்மைக் குழுவின் அவசரக் கூட்டம். ஜாய்ஸ்டிக்குக்கு முன்னால் வழக்கத்தைவிட நீளமான மௌனம். தலைவரின் முகம் துக்க வீட்டு முகமாக இருந்தது.

"நம்ம விளையாட்டை ஒரு பூனை முடிச்சிருக்கு" என்றார். "எல்லாரும் பாக்க முடிச்சிருக்கு. அதைவிட மோசம், ஜனங்க சிரிச்சிருக்காங்க. இதை நாம எப்படிச் சரி பண்ணப் போறோம்?" மௌனியின் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அந்தப் பூனையை எடுத்தாகணும்."

மௌனி தலையாட்டினார்.

சாயங்காலம் தலைவர் என் மேசைக்கே வந்தார். "பூனையை எடுத்தாச்சா?"

குத்தலாகப் பேசலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பேசினால் இவர் என்னை மறுபடி மேதை ஆக்கிவிடுவார் என்ற பயத்தில் நிறுத்திக்கொண்டேன். பக்கத்து மேசையிலிருந்து மௌனி என்னைப் பார்த்தார். நான் மௌனியைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டினோம்.

"எடுத்தாச்சு சார்" என்றேன். "வேணும்னா நீங்களே ஒரு தடவை கடைசி அறை வரைக்கும் விளையாடிப் பாத்துடுங்க."

தலைவர் திரையைப் பார்த்தார். பழுப்பைப் பார்த்தார். சட்டைப் பையில் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி" என்றார். "உங்க மேல நம்பிக்கை இருக்கு."